டிரோன் பேட்டரி வானத்தில் கெடுவதில்லை, அலமாரியில் கெடுகிறது

டிரோன் செய்யும் மாணவர் குழுக்கள் மோட்டாருக்கும் புரொப்பெல்லருக்கும் நாள்கணக்கில் மண்டையைக் குடைந்துகொள்கிறார்கள். பேட்டரியை மட்டும் கடையில் வாங்கி மாட்டிவிட்டு மறந்துவிடுகிறார்கள். வீங்கிப்போன பேக் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய பேட்டரி), நடுவானில் திடீரென்று சக்தி இழந்து விழுந்த டிரோன், சார்ஜ் போடும்போது புகைந்த மேசை: இவற்றில் பெரும்பாலானவற்றின் தொடக்கம் பறந்த அந்தக் கால் மணி நேரத்தில் இல்லை. போட்டி மழையால் தள்ளிப்போக, முழு சார்ஜோடு இருந்த பேக்கை அப்படியே பெட்டியில் போட்டு மூடிய மாலையில் இருக்கிறது.

டிரோன் பேக்கில் இருக்கும் லித்தியம் பாலிமர் செல் ஒன்றின் முழு சார்ஜ் அளவு 4.20 வோல்ட். அந்த உச்சத்தில் அது நிம்மதியாக இருப்பதில்லை. உள்ளே இருக்கும் மின்கடத்தும் திரவமான எலக்ட்ரோலைட் மெல்லச் சிதைந்து வாயுவாகிறது. அதனால்தான் செல்லைச் சுற்றியிருக்கும் பை உப்புகிறது. வெப்பம் கூடக்கூட இந்தச் சிதைவு விரைவாகும். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் முழு சார்ஜில் ஒரு பேக்கை விட்டுவைப்பதைவிட அதற்குப் பெரிய கேடு செய்ய முடியாது. இரண்டு நாளுக்கு மேல் பறக்கப்போவதில்லை என்றால் செல்லுக்கு 3.80 முதல் 3.85 வோல்ட் வரை இறக்கி வையுங்கள். நான்கு செல் பேக்கில் இது 15.2 முதல் 15.4 வோல்ட். நல்ல சார்ஜர்களில் இதற்கென்றே ‘ஸ்டோரேஜ்’ மோட் இருக்கிறது. பலர் அதைத் தொட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

மறுபக்கமும் ஆபத்துதான். செல் 3 வோல்ட்டுக்கு வெகுவாகக் கீழே போனால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மீண்டும் சார்ஜ் ஏற்றும்போது கரைந்த செம்பு வேறெங்கோ போய்ப் படிந்து, உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆவதற்கு வழி செய்யும். அப்படிப்பட்ட பேக்கைச் சார்ஜர் ஏற்க மறுப்பது நம்மைக் காப்பதற்காக. அதை நிக்கல் பேட்டரி மோடில் வைத்து ஏமாற்றி ‘எழுப்பும்’ வழக்கம் பல லேபுகளில் உண்டு. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். எழுந்த பேக் அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்யும். அது பற்றிக்கொள்வது பத்தாவது சார்ஜிலாக இருக்கலாம், ஆள் இல்லாத இரவிலாக இருக்கலாம்.

மொத்த வோல்ட்டேஜை மட்டும் பார்ப்பது எப்படி ஏமாற்றும் என்பதற்கு ஒரு கணக்கு. நான்கு செல் பேக் ஒன்று மீட்டரில் 14.6 வோல்ட் காட்டுகிறது. நான்கால் வகுத்தால் 3.65, பறக்கலாம் போலத் தோன்றும். ஒவ்வொரு செல்லிலிருந்தும் வெளியே வரும் மெல்லிய கம்பிக் கொத்தான பேலன்ஸ் லீடில் வைத்துத் தனித்தனியாகப் பார்த்தால் மூன்று செல்கள் 3.8, ஒன்று மட்டும் 3.2. டிரோன் மேலே ஏற 40 ஆம்பியர் இழுக்கும் கணத்தில் அந்த நான்காவது செல் படுத்துவிடும். டிரோனும் கூடவே வந்துவிடும். அதனால் பேலன்ஸ் லீடில் மாட்டும் சிறிய பஸ்ஸரை, எந்த ஒரு செல் 3.5 வோல்ட்டைத் தொட்டாலும் அலறும்படி வையுங்கள். அலறியதும் இறக்குங்கள். ‘இன்னும் ஒரு சுற்று’ வேண்டாம்.

அந்தச் செல் ஏன் பலவீனமானது என்பதை உள்தடை, அதாவது மின்னோட்டத்துக்குச் செல்லுக்குள்ளேயே இருக்கும் தடை, சொல்லும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேக்கில் புதுச் செல் ஒன்றுக்குச் சில மில்லி ஓம்தான் இருக்கும். பேக் மொத்தமும் பழசாகி 20 மில்லி ஓம் ஆகிவிட்டது என்று வையுங்கள். 40 ஆம்பியரில் 0.8 வோல்ட் உள்ளேயே தொலைகிறது, 32 வாட் வெப்பம் பேக்குக்குள் உருவாகிறது. ஒரு சிறிய சால்டரிங் அயர்னைப் பைக்குள் வைத்துத் தைத்ததுபோல. சார்ஜர் காட்டும் உள்தடையை மாதம் ஒருமுறை பேக்கின் மேலேயே மார்க்கரில் தேதியோடு எழுதுங்கள். ஒரு செல் மட்டும் மற்றவற்றைப்போல இரு மடங்கு ஆனால் அந்தப் பேக்கின் பறக்கும் காலம் முடிந்தது. வெவ்வேறு வெப்பநிலையில் அளந்த எண்களை ஒப்பிடாதீர்கள். குளிரில் உள்தடை தானாகவே கூடும்.

விண்வெளிக்குப் பேட்டரி வடிவமைப்பவர்கள் இதே வேதியியலோடுதான் பல ஆண்டுகள் ஓட்டுகிறார்கள். தாழ்ந்த சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை பூமியைச் சுற்றும். அதில் 35 நிமிடம் வரை நிழல். பேட்டரியின் சார்ஜ் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட முறை இறங்கி ஏற வேண்டும். டிரோனில் நாம் செய்வதுபோல ஒவ்வொரு முறையும் 80 சதவீதம் உறிஞ்சினால் சில மாதத்தில் கதை முடிந்துவிடும். 10 சென்டிமீட்டர் கனசதுரமான கியூப்சாட் என்ற குட்டிச் செயற்கைக்கோள் ஒன்று 2 வாட் செலவழிக்கிறது என்றால் நிழலில் தேவைப்படுவது 1.2 வாட்-மணிதான். 18650 எனப்படும் உலோக உருளைச் செல் இரண்டு வைத்தால் கையிருப்பு சுமார் 18 வாட்-மணி, இறங்குவது ஏழு சதவீதத்துக்கும் குறைவு. முதல்முறை கணக்குப் போடும் மாணவர்கள் இதை வீண் எடை என்று நினைத்துக் குறைக்கப் பார்ப்பார்கள். அந்த எடைதான் ஆயுள்.

இன்னொன்று: டிரோனில் ஓடும் பை வடிவச் செல்லை அப்படியே விண்வெளிக்கு எடுத்துப் போக முடியாது. தரையில் காற்றழுத்தம் அந்தப் பையை இறுக்கிப் பிடித்திருக்கிறது. வெற்றிடத்தில் அந்தப் பிடி போய்விடும், பை உப்பும், அடுக்குகள் விலகும். தகடுகளுக்கு நடுவே நெருக்கிக் கட்ட வேண்டும், அல்லது உலோக உருளைச் செல்லுக்குப் போக வேண்டும்.

சிறிய பறக்கும் கருவியும் விண்வெளி மின்சக்தியும் ஒன்றாகச் சந்தித்த இடம் செவ்வாய். 2021 ஏப்ரல் 19 அன்று முதலில் எழும்பிய இன்ஜெனூயிட்டி ஹெலிகாப்டரின் எடை 1.8 கிலோ. அதில் இருந்தவை ஆறு 18650 லித்தியம் அயான் செல்கள், மொத்தம் 273 கிராம். வடிவமைப்பில் பறப்பதற்கு ஒதுக்கியது 10 வாட்-மணி அளவு. இரவுக் குளிரைக் கடக்க 21 வாட்-மணி. முப்பது சதவீதம் தொடவே கூடாத இருப்பு. பறக்கும் கருவி ஒன்று பறப்பதைவிடச் சூடாக இருப்பதற்கு இரண்டு மடங்கு செலவழித்தது! 2022 மே மாதம் தூசியும் குளிர்காலமும் சேர்ந்து சோலார் தகட்டின் வரவைக் குறைத்தபோது, இரவில் சக்தி தீர்ந்து அதன் கடிகாரமே ரீசெட் ஆனது. செவ்வாய்த் தரையில் ஓடும் ரோவர் வண்டியுடன் தொடர்பு அறுந்தது. பிறகு ஹீட்டர் தொடங்கும் அளவை மைனஸ் 15 டிகிரியிலிருந்து மைனஸ் 40 டிகிரிக்கு இறக்கி மிச்சம்பிடித்தார்கள். 2024 ஜனவரி 18 வரை 72 முறை பறந்தது. கடைசியில் உடைந்தது இறக்கை, பேட்டரி அல்ல.

வெப்பம் பக்கமும் பாடம் உண்டு. செவ்வாயைச் சுற்றிவந்த மார்ஸ் குளோபல் சர்வேயர் விண்கலம் 2006 நவம்பரில் மௌனமானது. அதே ஆண்டு ஜூனில் போன தவறான கட்டளை ஒன்றின் விளைவாக விண்கலம் திரும்பிய கோணத்தில், பேட்டரி ஒன்றின் மேல் நேரடி வெயில் விழுந்தது. அது சூடேறியதில் தொடங்கி இரண்டு பேட்டரிகளும் தீர்ந்தன. காருக்குள் வெயிலில் விட்ட பேக்கும் அதுவும் அடிப்படையில் ஒரே பிழை.

மேசைக்குத் திரும்புவோம். பறந்து இறங்கிய பேக்கைக் கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டுத்தான் சார்ஜில் போட வேண்டும். அரை மணி நேரம் ஆகும். உறைநிலைக்குக் கீழே குளிர்ந்த செல்லைச் சார்ஜ் செய்யவே கூடாது, லித்தியம் உலோகமாகப் படியும். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேக் என்றால் சார்ஜ் மின்னோட்டம் 5 ஆம்பியர், அதற்கு மேல் அவசரம் வேண்டாம். ஸ்டார்ட் அழுத்துமுன் செல் எண்ணிக்கையையும் பேட்டரி வகையையும் இருவர் பார்க்கட்டும்: செல்லுக்கு 4.35 வோல்ட் வரை ஏற்றும் வகையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் சாதாரண லித்தியம் பாலிமர் பேக் எல்லை மீறிப்போகும். மரமேசை வேண்டாம், சிமென்ட் தரை போதும். பேக்கின் கம்பி முனையில் இருக்கும் எக்ஸ்டி60 கனெக்டரை மாற்றும்போது சிவப்பையும் கறுப்பையும் ஒரே வெட்டில் வெட்டிவிடாதீர்கள். இடுக்கியே ஷார்ட் ஆகிவிடும். ஒன்றை வெட்டி, டேப் சுற்றிய பிறகே மற்றொன்று.

வீங்கிய பேக்கை ஊசியால் குத்தி வாயுவை வெளியேற்றுவது தீக்குச்சி கிழிப்பதற்குச் சமம். ஒதுக்குப்புறமான திறந்த வெளியில் வைத்து மெல்ல வடியுங்கள்: மூன்று செல் பேக்குக்கு 12 வோல்ட் 55 வாட் ஹெட்லைட் பல்பு நாலரை ஆம்பியர் இழுக்கும், மங்கி அணையும்வரை விடலாம். பேக் ஏற்கெனவே மோசமாக உப்பியிருந்தால் 21 வாட் பல்பு நல்லது. பிறகு முனைகளைத் தனித்தனியே டேப் சுற்றி மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள். உப்புத் தண்ணீரில் போடும் பழக்கம் முனைகளைத்தான் முதலில் அரிக்கிறது. உள்ளே சார்ஜ் அப்படியே மிஞ்சும்.

பற்றிவிட்டால் சார்ஜரின் மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். புகையில் ஹைட்ரஜன் ஃபுளோரைடு இருக்கும், நுரையீரலை அரிக்கும். பவுடர் அணைப்பான் சுடரை அடக்கினாலும் உள்வெப்பம் குறையாததால் அடுத்த செல் மறுபடி பிடிக்கும். குளிர்விப்பது நிறையத் தண்ணீர்தான். சார்ஜ் மேசைப் பக்கம் காய்ந்த மணல் வாளி ஒன்று இருப்பது பரவாமல் மூடுவதற்கு உதவும்.

போட்டிக்கு விமானத்தில் போகிறவர்கள் வாட்-மணியை முன்பே கணக்கிடுங்கள். 14.8 வோல்ட்டை 5 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 74. நூறு வரை கைப்பையில் வைக்கலாம். நூறுக்கு மேல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதியோடு இரண்டு மட்டும். ஆறு செல், 10 ஆம்பியர்-மணி பேக் 222, பயணிகள் விமானத்தில் போகவே போகாது. உதிரி பேட்டரி எதையும் செக்-இன் பெட்டிக்குள் போடக் கூடாது, ஒவ்வொன்றின் கனெக்டரும் டேப் சுற்றியிருக்க வேண்டும்.