கூலண்டை நிறம் பார்த்து வாங்காதீர்கள்

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டை மாற்றி ஊற்றிக் கெட்டுப்போய், இந்த மாதம் மட்டும் இது மூன்றாவது வண்டி. திருவனந்தபுரம் விமான நிலையத்திலிருந்து மகனை அழைத்து வந்தவர், மார்த்தாண்டம் நெரிசலில் டெம்பரேச்சர் முள் ஏறியதைப் பார்த்தும் நிறுத்தவில்லை. தக்கலை வரைக்கும் சமாளித்துவிடலாம் என்று ஓட்டியிருக்கிறார். வண்டி எங்கள் ஒர்க்‌ஷாப்புக்குக் கயிறு கட்டித்தான் வந்தது. ஆறவிட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் உள்ளே பழுப்பாகக் கூழ். எஞ்சினின் மேல்பாகமான ஹெட் வளைந்து, அதன் அடியில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது.

"கூலண்ட் குறைஞ்சிருந்துது அண்ணே, கடையில பச்சைதான் நல்லதுன்னு தந்தாங்க. இடையில வீட்டு போர் தண்ணியும் விட்டேன்" என்றார். வண்டியில் முதலில் இருந்தது சிவப்பு. "அப்போ சிவப்பே வாங்கியிருக்கணுமா?" என்று கேட்டார். இங்கேதான் எனக்கு ஆற்றாமை வருகிறது.

நிறம் வெறும் சாயம். கூலண்டின் அடிப்படையான எத்திலீன் கிளைகாலுக்கு நிறமே கிடையாது. ஒழுகினால் கண்ணில் படட்டும் என்றும், தங்கள் சரக்கு தனியாகத் தெரியட்டும் என்றும் கம்பெனிகள் சாயம் சேர்க்கின்றன. எந்த வகைக்கு எந்த நிறம் என்று எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான விதி இல்லை. துருவைத் தடுக்க என்ன மருந்து சேர்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் வகை. பழைய சிலிகேட் வகையும் பச்சையாக வரும், ஆர்கானிக் ஆசிட் வகையும் பச்சையாக வரும். ஜப்பானியக் கார்களுக்கானதில் பெரும்பாலும் பாஸ்பேட் இருக்கும். ஐரோப்பியக் கார்களுக்கானதில் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் சேர்ப்பது வழக்கம். இரண்டும் பிங்க் நிறத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கலாம். ஒன்றோடு ஒன்று கலந்தால் சில சமயம் கூழாகும். கூழாகாவிட்டாலும் துருவைத் தடுக்கும் மருந்து சீக்கிரமே செத்துவிடும். அதனால் சிவப்போடு சிவப்பைக் கலப்பதும் பாதுகாப்பில்லை.

உங்கள் கார் புத்தகத்தில் கூலண்டின் வகையோ தர எண்ணோ அச்சிட்டிருக்கும். அதை போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கேனின் பின்பக்கத்தில் அதே எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் வாங்காதீர்கள்.

"நம்ம ஊர்ல பனியா விழுது, தண்ணி போதாதா?" என்பவர்களுக்கு: தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும்; தண்ணீரோடு சரிபாதி கலந்த கூலண்ட் கொதிக்க 107 டிகிரி வரை ஆகும், மூடியின் அழுத்தத்தில் இன்னும் மேலே போகும். குளச்சல், மணக்குடி மாதிரிக் கடலோரப் பகுதிகளில் கிணற்று நீரில் உப்பு ஏறியிருந்தால், அந்த உப்பு அலுமினிய ரேடியேட்டரைப் பொத்தல் போட்டுவிடும்.

கலந்தே வரும் கூலண்டில் மறுபடி தண்ணீர் சேர்க்காதீர்கள். தண்ணீர் கலக்காத கான்சென்ட்ரேட் என்றால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் சேருங்கள். சூடாகிறது என்று, சூட்டுக்கேற்ப கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசச் சொல்லும் மெக்கானிக்கிடம் இன்னொரு முறை போகாதீர்கள். மாதம் ஒரு தடவை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் கூலண்ட் எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பாருங்கள். அடிக்கடி குறைந்தால் எங்கோ ஒழுகுகிறது. ஊற்றிக்கொண்டே இருக்காமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். முள் ஏறினால் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள். சூட்டோடு மூடியைத் திறந்து கையும் முகமும் வெந்தவர்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம், வடித்த பழைய கூலண்டை முற்றத்திலோ தென்னை மூட்டிலோ கொட்டிவிடாதீர்கள். அது இனிக்கும், அதோடு கடும் விஷம். நாய் நக்கும், குழந்தை விரலில் தொட்டு வாயில் வைக்கும். மூடியுள்ள கேனில் பிடித்து, பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைத்து, அடுத்த சர்வீஸுக்கு வரும்போது ஒர்க்‌ஷாப்பில் கொடுங்கள்.