இரண்டே தந்தி போதும்: மார்க் சாண்ட்மேனின் பேஸ் எப்படி வேலை செய்தது?

பேஸ் கிட்டாரில் வழக்கமாக நான்கு தந்திகள் இருக்கும். எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அவை ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் ஒலிக்கும். மார்ஃபின் என்ற அமெரிக்க ஆல்டர்னேட்டிவ் ராக் குழுவை நடத்திய மார்க் சாண்ட்மேன் தன் பேஸில் இரண்டு தந்திகளை மட்டுமே மாட்டியிருந்தார். அந்தக் குழுவில் கிட்டாருக்கும் அநேகமாக இடமில்லை. இந்தப் பேஸ், ஒரு பாரிடோன் சாக்ஸபோன், டிரம்ஸ், சாண்ட்மேனின் தணிந்த குரல், அவ்வளவுதான். ஆனாலும் அவர்கள் பாட்டைக் கேட்கும்போது எதுவோ குறைகிறது என்று ஒரு நொடிகூடத் தோன்றாது. இது எப்படிச் சாத்தியமானது என்பதற்கு இயற்பியலிலும் நம் காதின் அமைப்பிலும் பதில் இருக்கிறது.

சாண்ட்மேன் 1952இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நியூட்டனில் பிறந்தவர். டாக்சி ஓட்டியிருக்கிறார், கட்டட வேலை செய்திருக்கிறார், மீன்பிடிப் படகிலும் உழைத்திருக்கிறார். 1980களில் 'ட்ரீட் ஹெர் ரைட்' என்ற புளூஸ் ராக் குழுவில் இருந்தபோதே வழக்கமான பேஸ் அவருக்கு ஒத்துவரவில்லை. சாதாரண கிட்டாரையே ஆக்டேவ் பெடல் வழியாக அனுப்பி, அதன் அதிர்வெண்ணைப் பாதியாக இறக்கி, அதை வைத்து கீழ் ஸ்தாயியை நிரப்பினார். 1989இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜ் நகரில் சாக்ஸபோன் கலைஞர் டேனா காலி, டிரம்ஸ் கலைஞர் ஜெரோம் டுப்ரீ இருவரோடும் மார்ஃபினைத் தொடங்கினார். முதலில் ஒற்றைத் தந்தி பேஸ்தான். அப்புறம்தான் இரண்டாவது தந்தி வந்து சேர்ந்தது.

தந்தியின் சுருதியை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அதன் நீளம், இழுவிசை, தடிமன். வாசிக்கும்போது நாம் மாற்றுவது நீளத்தைத்தான். பாதி நீளமாக்கினால் அதிர்வெண் இரு மடங்காகிவிடும், அதாவது மேல் ஸ்தாயி சட்ஜம். கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட் கம்பிகள் இந்த நீளத்தைப் படிப்படியாக வெட்டித் தருகின்றன. ஒவ்வொரு படிக்கும் அதிர்வெண் சுமார் 6 சதவீதம் ஏறும். சாண்ட்மேன் விரலால் அழுத்துவதற்குப் பதிலாக ஸ்லைடு என்ற குழாயை விரலில் மாட்டிக்கொண்டு தந்திமேல் வைத்து நகர்த்தினார். தந்தியைக் கீழே அழுத்துவதில்லை, தொட்டபடி நகர்த்துவதுதான். அதனால் படிகள் மறைந்துவிடுகின்றன, சுருதி எங்கு வேண்டுமானாலும் வழுக்கிச் செல்லலாம். நம் கோட்டு வாத்தியத்தில் நடப்பதும் இதேதான். அதைக் கேட்டுப் பழகிய காதுக்கு மார்ஃபினின் பேஸ் சட்டென்று பிடிபடும்.

ஆனால் ஸ்லைடில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அது நேரான குழாய், எல்லாத் தந்திகளையும் ஒரே இடத்தில்தான் வெட்டும். நான்கு விரலால் நான்கு இடத்தில் அழுத்தி ஒரு கார்டு (பல ஸ்வரங்கள் ஒன்றாக ஒலிக்கும் கூட்டு) பிடிப்பதுபோல் அதில் செய்ய முடியாது. எனவே தந்திகளுக்கு இடையே எந்த உறவை வைத்துச் சுருதி சேர்க்கிறோமோ, அது எங்கே நகர்ந்தாலும் மாறாமல் கூடவே வரும். அந்த உறவு எப்போதும் இனிக்கக்கூடியதாக இருந்தாக வேண்டும். சாண்ட்மேன் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தது சட்ஜம், பஞ்சமம். சில சமயம் இரண்டு தந்திகளையும் ஒரு ஸ்தாயி இடைவெளியில் வைப்பதும் உண்டு.

ஏன் பஞ்சமம்? இந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தந்தி 73.4 ஹெர்ட்ஸ், இன்னொன்று 110 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். விகிதம் 2:3. ஒரு தந்தி அதிரும்போது அதன் அதிர்வெண்ணின் இரண்டு, மூன்று, நான்கு மடங்குகளிலும் துணை ஒலிகள் எழும், அவைதான் சீரிசைகள். முதல் தந்தியின் மூன்றாம் சீரிசையும் இரண்டாவதன் இரண்டாம் சீரிசையும் 220 ஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. இரண்டு தந்திகளின் அதிர்வெண்களுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: சுமார் 36.7 ஹெர்ட்ஸ். கீழ்த் தந்தியின் அதிர்வெண்ணில் சரிபாதி, அதாவது அதே ஸ்வரம், ஒரு ஸ்தாயி கீழே. அந்த அதிர்வெண்ணில் அங்கே எந்தத் தந்தியும் இல்லை. ஆனாலும் அந்த 36.7இன் 2, 3, 4, 6 என்று மடங்குகள் வரிசையாக வந்து சேரும்போது, இவற்றுக்கெல்லாம் அடியில் 1 இருந்தாக வேண்டும் என்று மூளை முடிவுகட்டிவிடுகிறது. ஆம்ப்ளிஃபையரை முடுக்கி ஒலி கொஞ்சம் கரகரத்தால் அந்த வித்தியாச அதிர்வெண் நிஜமாகவே மின்னோட்டத்தில் உருவாகிவிடும். நான்கு தந்தி பேஸின் மிகக் கீழான திறந்த தந்திகூட 41 ஹெர்ட்ஸில்தான் நிற்கிறது. இரண்டு தந்திகள் சேர்ந்து அதற்கும் கீழே இறங்கிவிடுகின்றன!

பஞ்சமத்துக்குப் பதில் அந்தர காந்தாரம் வைத்திருந்தால்? 55 ஹெர்ட்ஸோடு சுமார் 69 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 14. மனிதக் காது சுருதியாக உணர்வது ஏறத்தாழ 20 ஹெர்ட்ஸிலிருந்துதான், எனவே இந்த 14 நமக்கு ஸ்வரமாகக் கேட்காது. நொடிக்கு 14 விம்மல்கள் வீதம் ஒலி நடுங்கும். உட்செவியின் காக்லியாவில் இந்த இரண்டு அதிர்வெண்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்தைத்தான் அசைக்கின்றன. காதால் அவற்றைப் பிரித்தெடுக்க முடியாமல் கலங்கல்தான் மிஞ்சுகிறது. இதே ஜோடியை இரண்டு ஸ்தாயி மேலே, 220, 277 என்று வாசித்தால் தெளிவாக, இனிமையாக இருக்கும். கீழ் ஸ்தாயியில் காந்தாரத்தை ஒதுக்குவது வெறும் ரசனைக்காக மட்டுமல்ல.

காந்தாரம் இல்லாததால் இன்னொரு லாபம். மேற்கத்திய இசையில் ஒரு கார்டு மேஜரா மைனரா என்று சொல்வதே காந்தாரம்தான். சாண்ட்மேனின் பேஸ் அதைச் சொல்லாமல் விட்டுவிடுகிறது. காலியின் சாக்ஸபோனோ சாண்ட்மேனின் குரலோ எந்தக் காந்தாரத்தைத் தொடுகிறதோ, பாட்டின் மனநிலை அப்போதே அந்தப் பக்கம் சாயும். பாரிடோன் சாக்ஸபோன் 70 ஹெர்ட்ஸ் அருகே வரை இறங்கக்கூடியது, பேஸின் எல்லைக்குள்ளேயே நடமாடும். ஆனால் அதன் சீரிசைகள் அடர்த்தியானவை, ஆயிரம் ஹெர்ட்ஸைத் தாண்டியும் பரவியிருக்கும். கிட்டார் விட்டுப்போன இடத்தை அவை நிரப்பிவிடுகின்றன. காலி சில சமயம் பாரிடோன், டெனர் இரண்டையும் ஒரே நேரத்தில் வாயில் வைத்து ஊதுவார். சாண்ட்மேன் இந்த இசையை 'லோ ராக்' என்றார்.

கைப்பேசி ஸ்பீக்கரில் இதைக் கேட்டாலும் பேஸ் கேட்கிறதே என்று சிலருக்குத் தோன்றலாம். அந்தச் சின்ன ஸ்பீக்கரால் 73 ஹெர்ட்ஸைச் சரியாக எழுப்ப முடியாது. அங்கேயும் சீரிசைகளை வைத்து மூளைதான் அடிச்சுருதியைக் கட்டுகிறது. நல்ல ஹெட்போனில் கேட்டால் வித்தியாசம் புரியும், அவசியம் கேட்டுப் பாருங்கள்.

1993இல் வந்த 'கியூர் ஃபார் பெய்ன்' ஆல்பம் அவர்களுக்கு அமெரிக்காவுக்கு வெளியேயும் ரசிகர்களைத் தந்தது. அந்தக் காலகட்டத்தில் டுப்ரீ விலக, 'ட்ரீட் ஹெர் ரைட்' நண்பர் பில்லி கான்வே டிரம்ஸில் அமர்ந்தார். 1997இல் 'லைக் ஸ்விம்மிங்' ஒரு பெரிய நிறுவனத்தின் வெளியீடாக வந்தது. 1999 ஜூலை 3 அன்று, ரோமுக்கு அருகே பலெஸ்ட்ரீனாவில் மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது சாண்ட்மேன் மாரடைப்பால் சரிந்து இறந்தார். வயது 46. அவர் பதிவுசெய்து வைத்திருந்த 'தி நைட்' ஆல்பம் மறு ஆண்டு வெளியானது. பின்னாளில் காலியும் டுப்ரீயும் ஜெரமி லயன்ஸ் என்ற இசைக்கலைஞரைச் சேர்த்துக்கொண்டு 'வேப்பர்ஸ் ஆஃப் மார்ஃபின்' என்ற பெயரில் அந்தப் பாடல்களை வாசிக்கத் தொடங்கினார்கள். லயன்ஸ் வாசிப்பதும் ஸ்லைடு வைத்த இரண்டு தந்தி பேஸ்தான்.