அம்மாவுக்குக் காய்ச்சல், பிள்ளை ஏன் பட்டினி?

ஐப்பசி மழை தொடங்கினால் என் கிளினிக்கில் ஒரே கதைதான். அம்மாவுக்குக் காய்ச்சல். "பால் கொடுக்காதே, பிள்ளைக்கும் வந்துடும்" என்று வீட்டில் யாரோ சொல்கிறார்கள். மெடிக்கலுக்கு ஓடிப்போய் பால் பவுடரும் பாட்டிலும் வாங்குகிறார்கள். அம்மா தேறி எழுந்து உட்காரும்போது பிள்ளை வயிற்றுப்போக்கோடு என் மேஜையில் கிடக்கிறது. கடைசியாக வந்தது நாலு மாதக் குழந்தை. உச்சிக்குழி உள்ளே வாங்கியிருந்தது, அழுகிறது, கண்ணீர் இல்லை. பாட்டிலையும் கையோடு எடுத்து வந்திருந்தார்கள். நிப்பிளைத் திருப்பிப் பார்த்தால், உள்விளிம்பில் பழைய பால் காய்ந்து மஞ்சளாக ஒட்டியிருக்கிறது. இத்தனைக்கும் அந்த அம்மாவுக்கு வந்தது சாதாரண வைரஸ் காய்ச்சல்.

சளி, ஃப்ளூ, கொரோனா இதெல்லாம் பால் வழியாகப் போவதில்லை. இருமல், தும்மல், கை வழியாகத்தான் போகும். அதுவும், உங்களுக்கு உடம்பு சுடுவதற்கு ஒரு நாள் முன்பே ஃப்ளூ பரவ ஆரம்பித்துவிடும். அந்த ஒரு நாள் முழுக்கப் பிள்ளையைக் கொஞ்சி, முத்தம் கொடுத்து, பக்கத்தில் போட்டுத் தூங்கியிருப்பீர்கள். கிருமி போக வேண்டியிருந்தால் அப்போதே போயிருக்கும். இப்போது பாலை நிறுத்தினால், அந்தக் கிருமிக்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்து பாலில் அனுப்பும் எதிர்ப்புச் சக்திதான் நிற்கும்.

அடுத்து, "உடம்புச் சூடு பாலில் இறங்கும்" என்பார்கள். உங்களுக்கு 102 டிகிரி என்றால் பாலும் கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் இருக்கும். புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, "வெதுவெதுன்னு இருக்கு" என்று கொடுக்கிறீர்களே பவுடர் பால், அதுவும் கிட்டத்தட்ட அதே சூடுதான்! கெட்ட பால் என்று பீய்ச்சிக் கொட்டச் சொல்கிறவர்களும் உண்டு. தயவுசெய்து கொட்டாதீர்கள். டெங்கு, டைபாய்டு, வயிற்றுப்போக்கு எதுவானாலும் பால் கொடுக்கலாம். பால் கட்டி அதனால் காய்ச்சல் வந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டும். அப்போது நிறுத்தினால் மார்பு கல்லாகி, சீழ் வைத்து, கடைசியில் கத்தி வைக்க வேண்டிவரும்.

எங்கள் ஆட்களும் சும்மா இல்லை. "மாத்திரை சாப்பிடுறே, ரெண்டு நாள் பால் வேண்டாம்" என்று சீட்டு எழுதும்போதே சொல்லிவிடும் டாக்டர்கள் இருக்கிறார்கள். பாராசிட்டமாலுக்கும் அமாக்சிசிலினுக்கும் பாலை நிறுத்தத் தேவையே இல்லை. கோடீன் கலந்த இருமல் மருந்தும் ஆஸ்பிரினும் வேண்டாம். மார்பிலேயே ஹெர்பிஸ் கொப்புளம் இருந்தால் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது. பிரசவத்தை ஒட்டி அம்மை போட்டாலோ, அம்மாவுக்கு டிபி, எச்ஐவி இருந்தாலோ, புற்றுநோய்க்கு மருந்து ஓடினாலோ டாக்டரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டு அக்காவை அல்ல.

கொடுக்கும் முறை சுலபம். சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள், மாஸ்க் போடுங்கள், படுத்தபடி கொடுங்கள். அதற்கும் முடியாத அளவு அசதி என்றால் பீய்ச்சி வையுங்கள். அறையில் 4 மணி நேரம் தாங்கும், நம் வெயிலில் அதற்கு முன்பே கொடுத்துவிடுவது நல்லது. பாலாடையிலோ கரண்டியிலோ ஊட்டட்டும், பாட்டில் வேண்டாம். டெங்கு என்றால் பகலிலும் கொசுவலைக்குள் இருங்கள். உங்களைக் கடித்த கொசுதான் அடுத்து பிள்ளையைக் கடிக்கப் போகிறது, அது பகலில் கடிக்கும் கொசு.

பாலாடையில் ஊட்டுவது யார்? அப்பாதான். "எனக்குப் பழக்கமில்லை சார்" என்று என்னிடம் சொல்லாதீர்கள். பிள்ளையைக் குளிப்பாட்டவும், துணி மாற்றவும், ராத்திரி தோளில் போட்டு நடக்கவும் காய்ச்சல் இல்லாத ஒரு ஆள் வேண்டும். காய்ச்சலோடு எழுந்து சமைத்து, எல்லாருக்கும் பரிமாறிவிட்டு, "பிள்ளையை மட்டும் பார்த்துக்கிறேன்" என்கிற அம்மாக்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது.

பாலை விடப் பயப்பட வேண்டியவை உங்கள் கட்டிலைச் சுற்றி இருக்கின்றன. ஒன்று, தலையணைக்கு அடியில் மாத்திரை அட்டை. தவழும் பிள்ளைக்கு அது பொம்மை. பெரியவர்கள் போடும் 650 மில்லிகிராம் பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைத்துப் பிள்ளைக்குக் கொடுப்பது இன்னும் மோசம். 10 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 150 மில்லிகிராம் போதும், பாதி மாத்திரையில் 325 இருக்கிறது. சொட்டு மருந்திலும் ஏமாறாதீர்கள். அதில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம், சிரப் அளவை அதற்குப் போட்டால் வம்புதான்.

அப்புறம் ஆவி பிடிக்கிறது. நொச்சி இலை போட்டுக் கொதிக்க வைத்த பாத்திரத்தைத் தரையில் வைத்து, போர்வையை மூடிக்கொண்டு உட்காருகிறீர்கள். உங்களுக்கு வெளியே எதுவும் தெரியாது. பிள்ளை போர்வை நுனியைப் பிடித்து இழுக்கிறது. வெந்த தொடையோடு வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை விழித்திருந்தால் ஆவியே வேண்டாம். சளி மாத்திரை போட்டால் தூக்கம் அழுத்தும், அன்றைக்குப் பிள்ளை உங்கள் பக்கத்தில் படுக்கக் கூடாது. தொட்டிலிலோ தனிப் படுக்கையிலோ போடுங்கள்.

இவ்வளவு பார்த்துக்கொண்டும் பிள்ளைக்குக் காய்ச்சல் வரலாம். 3 மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 100.4 டிகிரி வந்தால் ராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். பெரிய பிள்ளை பால் குடிக்க மறுத்தாலும், சிறுநீர் குறைந்தாலும், மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலும் அப்படித்தான். பிள்ளை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணுங்கள். 2 மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, அதற்கு மேல் 5 வயது வரை 40. அந்த எண்ணைத் தொட்டாலோ தாண்டினாலோ காத்திருக்க வேண்டாம். உங்களுக்காக எந்த டாக்டரிடம் போனாலும், உட்கார்ந்தவுடன் "கைக்குழந்தை இருக்கு, பால் கொடுக்கிறேன்" என்று முதலில் சொல்லிவிடுங்கள். மருந்தை அதற்கேற்ப எழுத வேண்டியது எங்கள் வேலை.