சட்டை இலக்கம் 31: பிறந்த மாதமும் நாம் தவறவிடும் பிள்ளைகளும்

தெரிவு முடிந்து பட்டியலை ஒட்டிவிட்டுத் திரும்பும் ஒவ்வொரு மாலையிலும், பெயர் வராத பிள்ளைகளின் தகப்பன்மார் இரண்டு மூன்று பேர் பாடசாலை வாசலில் நிற்பார்கள். "சேர், எங்கட மகன்ட விளையாட்டில என்ன குறை?" என்று கேட்பார்கள். "குறை ஒண்டுமில்ல, உடம்பு இன்னும் வரவேணும், அடுத்த வருஷம் பாப்பம்" என்று பல வருடங்களாக ஒரே பதிலைச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். மட்டக்களப்பில் உடற்கல்வி ஆசிரியராகவும் 14, 16 வயதுக்குட்பட்ட உதைபந்தாட்ட அணிகளுக்குப் பிள்ளைகளைத் தெரிவு செய்பவராகவும் இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்த எனக்கு, அந்தப் பதில் என்னைப் பற்றிய ஒப்புதல் வாக்குமூலம் என்பது மிகவும் பிந்தித்தான் விளங்கியது. விளையாட்டில் குறை இல்லையென்று நானே சொல்கிறேன் என்றால், அந்த இரண்டு மணித்தியாலமும் நான் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

அது விளங்கியது உதைபந்தாட்டத்தால் அல்ல. நான் ஒருநாளும் நேரில் பார்த்திராத ஐஸ் ஹொக்கியால். தம்பி 1990இல் ஊரைவிட்டுப் போனவன், இப்போது ஒன்ராறியோவில் இருக்கிறான். அவனுடைய மகன் ஐஸ் ஹொக்கி விளையாடுகிறான். அந்த மாகாணத்தில் 16 முதல் 20 வயது வரையான இளையோருக்கென்று பெரிய லீக் ஒன்று உண்டு. அதன் கழகங்கள் தங்களுக்கு வேண்டியவர்களை 15 வயதளவிலேயே தெரிவு செய்துவிடுவதால், அதற்கு முந்திய வருடங்களில் திறமை தேடுவோர் குறிப்புப் புத்தகத்தோடு அரங்கம் அரங்கமாகத் திரிவார்கள். ஒருநாள் இரவு தம்பி தொலைபேசியில், "அண்ணன், இவனுக்கு உயரம் காணாதாம்" என்றான். நான் வாசலில் நின்ற தகப்பன்மாருக்குச் சொல்லிவந்த அதே பதில், பனிக்கட்டி மேல் ஏறி என் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

பெறாமகனின் ஆட்டங்களைக் காணொளியாக அனுப்பச் சொன்னேன். கல்லடியில் என் வீட்டில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைத்தொலைபேசியில் பார்க்கத் தொடங்கிய முதல் நாளே ஒரு சிக்கல்: வட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. ஐஸ் ஹொக்கியில் பந்து கிடையாது. 3 அங்குல அகலமும் 1 அங்குலத் தடிப்பும் உள்ள கறுப்பு ரப்பர் வட்டைத்தான் தடியால் தள்ளுகிறார்கள். ஏறத்தாழ 60 மீற்றர் நீளமான தளத்தில், தூரத்துக் கமெராவில் எடுத்த படத்தில், அது எறும்பளவு கூட இல்லை. வட்டைப் பின்தொடர முடியாததால், வேறு வழியின்றி, பெறாமகனை மட்டும் பார்த்தேன். ஒரு தடவை உள்ளே இறங்கினால் முக்கால் நிமிடமளவில் மாற்றி வெளியே எடுத்துவிடுவார்கள் என்பதால், அந்தச் சிறு துண்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது இலகுவாகவும் இருந்தது.

அப்போது கண்டது அவனுடைய கழுத்து. வட்டு தன்னிடம் வருவதற்கு முன்பே அவன் இடத்தோளுக்கு மேலால் ஒரு தடவை, வலத்தோளுக்கு மேலால் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிடுகிறான். வட்டு வந்து சேரும்போது யாருக்குக் கொடுப்பது என்பது முடிவாகியிருக்கிறது. பெரிய உடம்புக்காரன் வந்து மோதும் நேரத்தில் வட்டு அங்கே இல்லை. அவனைவிட ஒரு சாண் உயரமான கூட்டாளியோ வட்டு தடியில் பட்ட பிறகுதான் தலையை நிமிர்த்துகிறான். ஆனாலும் மோதலில் விழாமல் நிற்கிறான், பார்ப்பவர்கள் ஆர்ப்பரிக்கிறார்கள். இந்தத் திரும்பிப் பார்க்கும் பழக்கத்தை உதைபந்தாட்டத்தில் நீண்டகாலமாக ஆராய்ந்தவர் நோர்வேயைச் சேர்ந்த கெயிர் யோர்டெட். பந்து கிடைக்குமுன் அடிக்கடி சுற்றிப் பார்ப்பவர்களின் அடுத்த செயல் கூடுதலாகச் சரிவருகிறது என்பதை அவருடைய ஆய்வுகள் காட்டின. இது விரிவுரையில் கேட்ட விடயம்தான். ஆனால் மைதானத்தில் பந்தின் பின்னால் கண்ணை ஓடவிட்டபடி நின்ற எனக்கு, அதைக் காண வட்டே தெரியாத ஒரு படம் தேவைப்பட்டது.

அதன் பிறகுதான் அந்த விளையாட்டின் தெரிவுமுறை பற்றித் தேடி வாசித்தேன். 1980களில் கனடாவின் அல்பேர்ட்டா மாகாணத்தில் லெத்பிரிட்ஜ் என்ற ஊரில் இளையோர் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போன ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரின் மனைவி, நிகழ்ச்சிநிரலில் அச்சிட்டிருந்த வீரர்களின் பிறந்த திகதிகளைக் கவனித்துக் கணவரிடம் காட்டினார்: ஜனவரி, பெப்ரவரி, மார்ச் என்று மாறி மாறி வந்துகொண்டிருந்தது. அங்கே வயதுப் பிரிவு ஜனவரி 1இல் வெட்டப்படுகிறது. பார்ன்ஸ்லியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1985இல் வெளியிட்ட ஆய்வு, உயர்மட்ட இளையோர் அணிகளில் வருடத்தின் முதல் மூன்று மாதங்களில் பிறந்தவர்களே ஆகக் கூடுதலாகவும் கடைசி மூன்று மாதங்களில் பிறந்தவர்கள் ஆகக் குறைவாகவும் இருப்பதைக் காட்டியது. ஒரே வருடத்து டிசம்பரில் பிறந்தவனும் ஜனவரியில் பிறந்தவனும் ஒரே பிரிவில் நிற்கிறார்கள், ஆனால் ஜனவரிக்காரனுக்கு ஏறத்தாழ ஒரு வருடம் கூடுதலான எலும்பும் தசையும் இருக்கிறது. ஒன்பது பத்து வயதில் அந்த ஒரு வருடம் பெரிது. பெரியவனைத் திறமைசாலி என்று எடுத்துவிடுகிறோம். எடுத்த பிறகு நல்ல பயிற்றுவிப்பாளரும் கூடுதல் ஆட்டங்களும் அவனுக்கே கிடைப்பதால், இரண்டு வருடத்தில் அவன் உண்மையிலேயே திறமைசாலியாகிவிடுகிறான். நாமும் சரியாகத்தான் தெரிந்தோம் என்று நிம்மதியடைகிறோம்.

இதை வாசித்துவிட்டு, அலுமாரியில் கிடந்த பழைய பெயர்ப்பட்டியல் கொப்பிகளை எடுத்துப் பார்த்தேன். நான் எடுத்த பிள்ளைகளில் பாதிக்கு மேற்பட்டோர் வெட்டுத் திகதியை ஒட்டிய முதல் நான்கைந்து மாதங்களுக்குள் பிறந்தவர்கள். கனடாவைப் பற்றி வாசித்தபோது சுவாரசியமாக இருந்த விடயம், என் கையெழுத்தில் கண்டபோது அப்படி இருக்கவில்லை.

என்.எச்.எல். என்ற வட அமெரிக்கப் பெரும் லீக்கின் வருடாந்தத் தெரிவில் இதற்கு விலை வைத்துப் பார்த்தவர்களும் உண்டு. 1980 முதல் 2006 வரை தெரிவான கனடிய வீரர்களை ஆராய்ந்து ரொபர்ட் டீனரும் மற்றவர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, தெரிவானவர்களில் 36 வீதத்தினர் ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்கள். ஆனால் பிற்பாடு ஆடப்பட்ட ஆட்டங்களில் அவர்களின் பங்கு 28 வீதமும், பெறப்பட்ட புள்ளிகளில் (கோல் போட்டதும் கோலுக்கு உதவியதும் சேர்ந்த கணக்கு) 25 வீதமும்தான். வருடத்தின் பின்பாதியில் பிறந்தவர்களோ தெரிவானவர்களில் 34 வீதமாக இருந்துகொண்டு 44 வீதமான புள்ளிகளைப் பெற்றார்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்து, வருடம் முழுக்கப் பயணம் செய்து, ஒரே பிள்ளையைப் பல தடவை பார்க்கும் அமைப்புகளே இவ்வளவு காலம் இந்தத் தவறைச் செய்தன என்றால், ஒரு காலைப்பொழுதில் முப்பது நாற்பது பேரைப் பார்த்துப் பட்டியல் போடும் நாங்கள் எம்மாத்திரம்.

பின்வரிசைகளில் எடுக்கப்பட்டவர்களின் கதைகள் அந்த விளையாட்டில் ஏராளம். இரண்டு தெரிவுகளில் எவரும் தொடாமல் விட்ட ரஷ்ய வீரர் பாவெல் டட்சியுக், வேறொருவரைப் பார்க்கப் போன திறமை தேடுவோரின் கண்ணில் பட்டு, 1998இல் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்டு, டெட்ரொயிட் அணியோடு அந்த லீக்கின் வெற்றிக் கிண்ணமான ஸ்டான்லி கிண்ணத்தை இரண்டு தடவை வென்றார். மார்ட்டின் செய்ன்ட் லூயி என்பவரை எந்தக் கழகமும் தெரிவு செய்யவே இல்லை; 5 அடி 8 அங்குலம் போதாது என்று நினைத்தார்கள். 2004இல் அந்த லீக்கின் அதிசிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. இவை விதிவிலக்குகள், எல்லாச் சின்னப் பிள்ளைகளும் இப்படி வருவார்கள் என்று எந்தப் பெற்றோரும் எண்ணிவிடக் கூடாது. டட்சியுக்கின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது, அன்று அந்த மனிதர் தான் பார்க்க வந்த ஆளை மட்டும் பார்த்துவிட்டுப் போகவில்லை என்பதுதான்.

பிறந்த மாதத்தைவிட மயக்கம் தருவது வளர்ச்சியின் வேகம். ஆண்பிள்ளைகள் சராசரியாக 14 வயதை ஒட்டியும், பெண்பிள்ளைகள் 12 வயதை ஒட்டியும் ஆக வேகமாக உயர்வார்கள். ஆனால் சராசரி என்பது வகுப்பறையில் இருக்கும் எந்தப் பிள்ளையுமல்ல; ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு 13 வயதுப் பையன்களின் உடல் முதிர்ச்சியில் மூன்று நான்கு வருட இடைவெளி இருக்கலாம். முந்தி வளர்ந்தவன் அந்த வயதில் ஓடி வெல்வான், மோதி வெல்வான். அதனாலேயே சுற்றிப் பார்க்கவும், சரியான நேரத்தில் பந்தை விடவும் அவனுக்குத் தேவை ஏற்படுவதில்லை. மற்றவர்கள் வளர்ந்து அவனை எட்டிப் பிடிக்கும் வருடத்தில் கையில் வேறு ஆயுதம் இல்லாமல் நிற்பான். இப்படி நான் எடுத்து, கொண்டாடி, 17 வயதில் பூட்ஸைக் கழற்றிவைத்த பிள்ளைகளும் இருக்கிறார்கள். தவறான தெரிவு விடுபட்டவனுக்கு மட்டுமல்ல, எடுபட்டவனுக்கும் தீங்கு செய்கிறது.

கனடாவின் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிர்வால்டும் மற்றவர்களும் 2002இல் வெளியிட்ட கணிப்பு முறை ஒன்று உண்டு: வயது, நிறை, நின்றபடி அளந்த உயரம், இருந்தபடி அளந்த உயரம் ஆகியவற்றிலிருந்து ஒரு பிள்ளை தன் உச்ச வளர்ச்சிக்கு எவ்வளவு முன்னே அல்லது பின்னே நிற்கிறது என்று மதிப்பிடலாம். மிகவும் முந்தியோ பிந்தியோ வளரும் பிள்ளைகளில் அது பிழைக்கும். ஆனாலும் இருக்க ஒரு வாங்கும் அளக்க ஒரு நாடாவும் போதும் என்பதால் நான் பாவிக்கிறேன். வேகமாக உயரும் மாதங்களில் நல்ல ஆட்டக்காரனும் கால் தடுமாறி, பந்தை நிறுத்தத் தெரியாதவன் போல ஆடுவான், முழங்காலுக்குக் கீழே முன் எலும்பில் நோவென்பான். அந்த மாதங்களில் தெரிவு வைத்து அவனை வெட்டுவது, காய்ச்சலில் படுத்தவனுக்குப் பரீட்சை வைப்பது போன்றது. எங்கள் நகருக்குக் கூடைப்பந்தாட்டத்தைக் கொண்டுவந்து வளர்த்தவர்கள் அமெரிக்க இயேசு சபைக் குருமார்; அவர்களில் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயர்தான் நகர மைதானத்துக்கு. அந்த விளையாட்டைப் பார்த்து வளர்ந்ததால்தானோ என்னவோ, உயரத்தைக் கண்டால் மனம் இளகுவது எங்கள் ஊர்க்காரரின் பலவீனம்.

ஐஸ் ஹொக்கியில் இல்லாத ஒன்று இங்கே இருக்கிறது, அது வாவி. சில வருடங்களுக்கு முன் ஒரு தெரிவில், வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பையன் ஒருவன் பாதி ஆட்டத்தில் கையை இடுப்பில் வைத்து நின்றுவிட்டான். "மூச்சு இல்லை" என்று அவன் பெயருக்கு நேரே எழுதினேன். ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்க வந்தவனிடம், "காலையில என்ன சாப்பிட்ட மனே?" என்று கேட்டேன். விடியுமுன் எழும்பி, சைக்கிளில் வந்து, மண்டூரிலிருந்து குருமண்வெளிக்குப் பாதையில், அதாவது வாவியைக் கடக்கும் மிதவையில், ஏறி, பிறகு பஸ் பிடித்து வந்திருக்கிறான், வெறும் தேத்தண்ணி. நகரத்துப் பிள்ளைகளோ வீட்டில் பாண் சாப்பிட்டுவிட்டு மோட்டார்சைக்கிளில் வந்து இறங்கியவர்கள். நான் அளந்தது அவனுடைய மூச்சையா, அவன் வந்த தூரத்தையா? அந்த வரியை வெட்டினேன், ஆனால் பட்டியல் அன்றே போக வேண்டியிருந்ததால் அவனைச் சேர்க்க முடியவில்லை. அடுத்த வருடம் அவன் வரவில்லை.

இப்போது செய்வதைச் சொல்கிறேன். நெதர்லாந்தில் டேவிட் மானும் ப்ளோன் வான் கினிக்கனும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். உதைபந்தாட்டத் திறமை தேடுவோருக்கு இளையோர் ஆட்டம் காட்டப்பட்டது. பிள்ளைகளின் பிறந்த திகதிகளைத் தாளில் கொடுத்தும் பெரியவர்கள் பக்கம் சாய்வது குறையவில்லை. சட்டை இலக்கத்தையே வயது வரிசைப்படி கொடுத்தபோது அந்தச் சாய்வு இல்லாமல் போனது. தாளில் உள்ளதை மனிதன் மறந்துவிடுவான், முதுகில் உள்ளதை மறக்க முடியாது. எங்களிடம் இலக்கச் சட்டை இருக்கவில்லை. உடன் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் பழைய திரைச்சீலையில் கையில்லா மேற்சட்டைகள் தைத்துத் தந்தார், நான் கறுப்புச் சாயத்தால் இலக்கம் எழுதினேன்: ஆக மூத்தவன் 1, ஆக இளையவன் கடைசி. முதல் தடவை அப்படிச் செய்த நாளில், ஒவ்வொரு பந்துக்கும் அரை அடி பிந்தி வந்து சேரும் ஒரு மெலிந்த பையனைக் கண்டு, வழமைபோலக் கோடு போடப் பேனையை எடுத்தேன். முதுகில் 31. முப்பத்துநான்கு பேரில் அவனுக்கு இளையவர்கள் மூன்றே பேர். அரை அடி பிந்துகிறான், ஆனால் ஒவ்வொரு தடவையும் சரியான இடத்துக்குத்தான் பிந்துகிறான் என்பது அதன் பிறகே தெரிந்தது. அவனை எடுத்தேன். என்ன ஆவான் என்று சொல்லும் வயது இன்னும் அவனுக்கு வரவில்லை.

மற்றபடி, ஒரு பிள்ளையை மூன்று தடவையாவது பார்க்காமல் கருத்து எழுதுவதில்லை. அதில் ஒன்றாவது அவன் அணி தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டமாக இருக்கவேண்டும். பத்து நிமிடம் பந்தை விட்டுவிட்டு அவனை மட்டும் பார்க்கிறேன். பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடியில் என்ன செய்கிறான், பிழை விட்டவன் தன் கூட்டாளி என்றால் முகம் எப்படிப் போகிறது என்பவற்றை எழுதுகிறேன். கோல் கணக்கை எழுதுவதில்லை என்றில்லை, ஆனால் யாருக்கு எதிராக, யார் கொடுத்த பந்தில் என்பதோடு சேர்த்து எழுதுகிறேன். பெற்றோர் வட்சப்பில் அனுப்பும் கோல் துண்டுகளைப் பணிவோடு திருப்பிக் கேட்கிறேன்: கோலுக்கு முந்திய இரண்டு நிமிடமும் பிந்திய இரண்டு நிமிடமும் வேண்டும். பெரும்பாலும் அது வருவதில்லை.

பெறாமகனின் உயரம் இந்த வருடம் நான்கு அங்குலம் கூடியிருக்கிறதாம். இப்போது சறுக்கும்போது தடுமாறுகிறான் என்று தம்பி கவலைப்படுகிறான்.

எங்கள் தெரிவு இனிக் காலை பத்தரைக்குத்தான் தொடங்கும். பாதையில் வரும் பிள்ளைகளுக்கு அவித்த கடலையும் வாழைப்பழமும் வைத்திருப்போம். வரும்போது பிறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றைத் தவறாமல் கொண்டுவரவேண்டும். வயதைச் சரிபார்க்க என்று பெற்றோர் நினைக்கிறார்கள். அதற்கும்தான், ஆனால் முதலில் சட்டைக்கு இலக்கம் போட.