நில அதிர்வுக் காணொளியில் சிவப்பு எந்த எண்ணைக் குறிக்கிறது?

போன வாரம் ஆராய்ச்சி மாணவர் ஒருவர் தன் நிலநடுக்க சிமுலேஷன் (கணினியில் கணித்துப் பார்க்கும் மாதிரி) காணொளியுடன், அதைப் படமாக்கிக் கொடுக்கும் என்னிடம் வந்தார். "நாலு நிமிஷம் கழித்தும் அதிர்வு அடங்கவே இல்லை, பாருங்கள்" என்றார். திரை முழுக்கச் சிவப்பு. எண்களைத் திறந்து பார்த்தேன். அந்த ஃபிரேமில் தரை நொடிக்கு 1 செ.மீ. வேகத்தில்கூட அசையவில்லை. மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனித்தனியாக நிறத்தைப் பங்கிட்டு, அந்தந்த ஃபிரேமின் உச்சத்துக்குச் சிவப்பைக் கொடுத்திருக்கிறது. இந்த ஆண்டு இது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

சிவப்பு என்றால் அழிவு என்று அர்த்தமில்லை, அது ஒரு எண். முதல் நிமிடத்தில் நொடிக்கு 200 செ.மீ. வேகத்துக்குக் கொடுத்த சிவப்பை நாலாவது நிமிடத்தில் 1 செ.மீ.க்கும் கொடுத்தால், பார்ப்பவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். எந்த நிறம் எந்த எண் என்று ஓரத்தில் காட்டும் எண்பட்டை மாறுகிறதே என்பீர்கள். ஓடும் படத்தில் அதை யார் பார்க்கிறார்கள்?

2004இல் சான்டியேகோ சூப்பர் கம்ப்யூட்டர் மையத்தில் ஓட்டிய டெராஷேக் என்ற நிலநடுக்க சிமுலேஷனை எடுத்துக்கொள்ளுங்கள். கலிஃபோர்னியாவின் சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவின் தென்பகுதியில் 7.7 அளவு நிலநடுக்கம். பிளவு தென்கிழக்கிலிருந்து வடமேற்காகக் கிழிந்தபோது, சான் பெர்னார்டினோ தொடங்கி வரிசையாக இருக்கும் வண்டல் படுகைகள் வாய்க்கால் போல அலையை லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கொண்டுவந்தன. எதிர்த்திசையில் கிழித்தபோது அங்கே அதிர்வு வெகுவாகக் குறைந்தது. அதே பிளவு, அதே அளவு, திசை மட்டும்தான் வேறு. இரண்டு படத்துக்கும் தனித்தனி நிற அளவுகோல் வைத்திருந்தால் அந்த வித்தியாசம் கண்ணில் பட்டிருக்குமா?

ஆகவே எல்லா ஃபிரேமுக்கும், ஒப்பிடும் எல்லா ஓட்டத்துக்கும் ஒரே அளவுகோல். உச்சத்தை வைத்துப் பூட்டினால் சின்ன அலைகள் மறைந்துவிடுமே என்றால், மடக்கை அளவுகோல் (ஒவ்வொரு படியும் முந்தையதைவிட இத்தனை மடங்கு என்று ஏறுவது) போடுங்கள், போட்டதைப் படத்திலேயே எழுதுங்கள். வானவில் நிற வரிசையைத் தயவுசெய்து விடுங்கள். தரவில் இல்லாத விளிம்பை அதன் மஞ்சள் பட்டை உண்டாக்கிக் காட்டும். விரிடிஸ் என்ற நிற வரிசை போல ஒளி சீராக ஏறும் வரிசை, சிவப்பு பச்சை பிரித்தறிய முடியாதவர்களுக்கும் உதவும். தரை எழும்புவதை ஆயிரம் மடங்கு பெருக்கிக் காட்டினால் அந்த ஆயிரத்தையும் எழுதுங்கள்.

அப்புறம், "எல்லாத் தரவும் இருக்கிறது, படம் பிறகு பண்ணலாம்" என்ற பேச்சு. எல்லாத் தரவும் இருக்காது. டெராஷேக்கில் கணக்கிட்ட இடங்கள், அதாவது கட்டப்புள்ளிகள், 180 கோடி; கணக்கிட்ட தருணங்கள், அதாவது காலப்படிகள், இருபதாயிரத்துக்கும் மேல். வேகத்தின் மூன்று கூறுகளை மட்டும் சேமித்தாலே ஒரு படிக்குச் சுமார் 21.6 ஜிகாபைட். மொத்தத்துக்கு 400 டெராபைட்டைத் தாண்டும். டெராஷேக் குழு வைத்துக்கொண்டது ஏறத்தாழ 47 டெராபைட். எதை வைப்பது, எதை விடுவது என்ற முடிவு ஓட்டத்துக்கு முன்பே எடுக்க வேண்டியது. என்னிடம் வருபவர்களோ, படுகைக்குள் அலை எப்படிப் போனது என்று பிறகு கேட்டுவிட்டு, தரைப்பரப்பின் தரவை மட்டும் நீட்டுகிறார்கள். நான் என்ன செய்ய முடியும்?

பொதுமக்களுக்குப் போகும் படம் என்றால் ஊர்ப் பெயர், கடற்கரை, ஓடும் கடிகாரம் மூன்றும் வேண்டும். "இது கணித்துப் பார்த்த ஒரு சாத்தியம், முன்னறிவிப்பு அல்ல" என்ற வரியைப் படத்துக்குள்ளேயே பதியுங்கள். கீழே தனியாக எழுதினால், பகிரும்போது அது கழன்றுவிடும்.

சிமுலேஷனைக் கம்ப்யூட்டரில் ஓடக் காத்திருக்கும் வரிசையில் போடுவதற்கு முன்பே என்னிடம் வாருங்கள். யாருக்குக் காட்டப் போகிறீர்கள், எந்தக் கேள்விக்கு, எந்த இடத்தில் என்று ஒரு தாளில் எழுதி வந்தால் போதும், அரை மணி நேரத்தில் பேசி முடித்துவிடலாம்.