கோளாறு நெட்டிலா, கைபேசியிலா?

"டவர் முழுசா இருக்கு, 5ஜின்னும் காட்டுது, ஆனா நெட் மட்டும் சுத்திக்கிட்டே இருக்கு." வாங்கிச் சில வாரங்களே ஆன கைபேசியை என் பழுதுநீக்கும் மேசைமேல் வைத்துவிட்டு மக்கள் சொல்லும் இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அந்த அலுப்பு அவர்கள்மீது அன்று, "5ஜி இருக்கிறதா?" என்று மட்டும் கேட்டு, "இருக்கிறது" என்ற பதிலோடு திருப்தியடைந்து கைபேசி வாங்குவதை இவ்வளவு இயல்பான வழக்கமாக்கிவிட்ட விளம்பரங்கள்மீது.

அண்மையில் ஒரு கல்லூரி மாணவி வந்தார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த 4ஜி கைபேசியைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, இணையவழி வகுப்புக்கு வேகம் வேண்டும் என்பதற்காகவே புதிய 5ஜி கைபேசி வாங்கியிருந்தார். "அண்ணா, சிம்மை மாத்தியாச்சு, ரீசெட்டும் போட்டாச்சு, கிளாஸ்ல எல்லாரோட முகமும் அப்படியே உறைஞ்சு நிக்குது" என்றார். ஸ்பீடு டெஸ்ட் ஓட்டிப் பார்த்தால் நூறு எம்பிபிஎஸ்ஸுக்கு (நொடிக்கு நூறு மெகாபிட்டுக்கு) மேல் காட்டுகிறது. பிறகு கைபேசியை விமானப் பயன்முறைக்கு மாற்றி, அதாவது இணையத்தை முற்றிலும் துண்டித்துவிட்டு, கேலரியைத் திறக்கச் சொன்னேன். சாம்பல் நிறக் கட்டங்கள் மட்டும் தெரிந்தன. படங்கள் ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி வந்தன. தம்பியின் கையிலிருந்த பழைய கைபேசியில் அதே சிம்மைப் போட்டபோது ஸ்பீடு டெஸ்ட் காட்டிய எண் பாதிகூட இல்லை. ஆனால் வகுப்பு ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடியது.

நோய் ஓரிடம், மருந்து வேறிடம் என்பது இதுதான். நான் தொடர்ந்து பார்த்துவரும் 'நெட் ஸ்லோ' புகார்களில் மிகப் பலவற்றுக்கு நெட்டோடு எந்தத் தொடர்பும் இல்லை.

பெட்டியின்மேல் அச்சிடப்பட்டிருக்கும் 5ஜி என்ற எழுத்து, அந்தக் கைபேசியால் 5ஜி டவரோடு பேச முடியும் என்பதை மட்டுமே சொல்கிறது. உங்களுக்கு எவ்வளவு வேகம் கிடைக்கும் என்பதைச் சொல்லவில்லை. 5ஜிக்கான இலக்குகளைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-ஆம் ஆண்டு வரையறுத்தபோது, பதிவிறக்கத்தின் உச்ச வேகமாக நொடிக்கு 20 ஜிகாபிட்டைக் குறிப்பிட்டது. விளம்பரங்கள் பிடித்துக்கொண்டது இத்தகைய உச்ச எண்களைத்தான். அதே ஆவணம், நெரிசல் மிகுந்த நகரப்பகுதியில் ஒரு பயனருக்கு நடைமுறையில் கிடைக்க வேண்டிய வேகமாகக் கூறுவது நொடிக்கு 100 மெகாபிட். இரண்டுக்கும் இடையே இருநூறு மடங்கு வேறுபாடு. முதல் எண் குறையே இல்லாத சூழலில் தொடக்கூடிய உச்சவரம்பு. இரண்டாவதுதான் தெருவில் நடப்பவருக்கானது. அதுவும் அந்த நேரத்தில் அந்த டவரின் கீழ் எத்தனை பேர் இருக்கிறார்கள், உங்களுக்கும் டவருக்கும் இடையே எத்தனை சுவர்கள் நிற்கின்றன, உங்கள் திட்டத்தின் தினசரி டேட்டா வரம்பு தீர்ந்துவிட்டதா என்பதையெல்லாம் பொறுத்தது. இவற்றில் எதையும் புதுக் கைபேசி மாற்றப்போவதில்லை. காலையில் பாய்ந்து செல்லும் நெட் இரவு ஒன்பது மணிக்கு ஊர்ந்தால், அது டவரைப் பலர் பங்கிட்டுக்கொள்வதன் விளைவு. திரையின் மூலையில் தெரியும் கோடுகளும் சிக்னலின் வலிமையை ஒருவாறு காட்டுமே தவிர நெரிசலைக் காட்டுவதில்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரையும் அந்தக் கோடுகளை வைத்து இரண்டு கைபேசிகளை ஒப்பிடுவதும் பயனற்றது.

உண்மையில் நமக்கு எவ்வளவு வேகம் தேவை? முழு உயர்தரக் காணொளி பார்க்க ஏறத்தாழ 5 எம்பிபிஎஸ் போதும். 4கே காணொளிக்கே 15 முதல் 20 வரைதான் பரிந்துரைக்கப்படுகிறது. காணொளி அழைப்புக்கு இரண்டு மூன்று எம்பிபிஎஸ். 40 எம்பிபிஎஸ் கிடைக்கும் 4ஜி இணைப்பையும் 400 எம்பிபிஎஸ் கிடைக்கும் 5ஜி இணைப்பையும் வைத்துக்கொண்டு செய்தி படிப்பவருக்கோ பணம் அனுப்புபவருக்கோ வேறுபாடு தெரியாது. பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவருக்கும், கைபேசியின் இணைப்பை மடிக்கணினிக்குப் பகிர்பவருக்கும் தெரியும். நீங்கள் அந்த வகையா என்பதை முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி, நான் எத்தனை முறை விளக்கினாலும் மறுபடியும் முளைக்கும் அந்தத் தவறான எண்ணத்துக்கு வருகிறேன். "தரவு வேகமாக வந்துவிட்டால் எல்லாமே வேகமாகிவிடும்" என்கிறார்கள். ஆகாது. தரவு கைபேசிக்குள் வந்து சேர்வதோடு வேலை முடிவதில்லை, அப்போதுதான் தொடங்குகிறது. ஒரு செயலியை நிறுவும்போது திரையை உற்றுக் கவனியுங்கள். பதிவிறக்கத்தைக் காட்டும் வட்டம் சட்டென்று நிரம்பிவிடும். அதன்பின் 'நிறுவப்படுகிறது' என்ற இடத்தில் கைபேசி நெடுநேரம் நிற்கும். வட்டம் நிரம்பிய கணத்தோடு நெட்டின் பங்கு முடிந்துவிட்டது. சுருக்கப்பட்ட கோப்பைப் பிரிப்பதும், அது உண்மையானதா என்று சரிபார்ப்பதும், துண்டு துண்டாகச் சேமிப்பகத்தில் எழுதுவதும், உங்கள் ப்ராசஸருக்கு ஏற்றபடி மாற்றியமைப்பதும் முழுக்க முழுக்கக் கைபேசியின் உடல் செய்யும் வேலைகள். இணையப் பக்கமும் அப்படித்தான்: எழுத்தும் நிரலும் வந்துசேர்ந்த பிறகு, அந்த நிரலை இயக்கிப் பக்கத்தை வரைவது ப்ராசஸர். விரலால் தள்ளும்போது பக்கம் விக்கினால் அது நெட் விக்குவது அன்று.

இந்த இடத்தில்தான் விளம்பரத்தில் பெரும்பாலும் காணப்படாத ஒரு விவரம் கைபேசியின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. அது சேமிப்பகத்தின் வகை. 128 ஜிபி என்ற அளவை எல்லோரும் பார்க்கிறார்கள். அது இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்று கேட்பவர் அரிது. இஎம்எம்சி 5.1 நொடிக்கு அதிகபட்சம் 400 மெகாபைட் என்ற வரம்புக்குள் இயங்குவது. ஒரே நேரத்தில் படிக்கவும் எழுதவும் அதனால் முடியாது. யுஎஃப்எஸ் இரண்டையும் ஒருசேரச் செய்யும், அதன் 2.2 பதிப்பே இஎம்எம்சியைவிட மிக வேகமானது, 3.1 பதிப்பு அதைவிடவும் வேகமானது. "400 எம்பிபிஎஸ் நெட்டுக்கு 400 மெகாபைட் சேமிப்பகம் போதுமே" என்று ஒருவர் என்னிடம் வாதிட்டார். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 400 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 50 மெகாபைட்தான், அதை இஎம்எம்சியும் தாங்கும். ஆனால் சிக்கல் ஒரே பெரிய கோப்பை எழுதுவதில் இல்லை. பின்னணியில் பத்துப் பதினைந்து செயலிகள் ஆயிரக்கணக்கான சிறு சிறு பதிவுகளை ஆங்காங்கே எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கும்போது அந்த வேகம் பாதாளத்துக்குச் சரிந்துவிடும். சேமிப்பகம் நிரம்ப நிரம்ப இன்னும் மோசமாகும். மாணவியின் கைபேசியில் நடந்தது இதுதான்.

இதற்குமேல் 'கூடுதல் ரேம்' என்றொரு ஏமாற்று வேலை வேறு. ரேம் என்பது ஓடிக்கொண்டிருக்கும் செயலிகளைத் தற்காலிகமாக வைத்திருக்கும் வேகமான நினைவகம். 4 ஜிபி ரேமோடு இன்னொரு 4 ஜிபி சேர்த்து 8 ஜிபி என்று கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். கூட்டப்பட்ட அந்த 4 ஜிபி ரேமே அன்று. சேமிப்பகத்தில் ஒதுக்கப்பட்ட ஒரு மூலை. சேமிப்பகமே மெதுவான கைபேசியில் அதை ரேமாகப் பயன்படுத்தினால் உள்ள வேகமும் போகும். இத்தகைய கைபேசி கைக்கு வந்தால் நான் முதலில் அணைப்பது அந்த வசதியைத்தான்.

ப்ராசஸரைப் பொறுத்தவரை 'எட்டு கரு' (ஆக்டா கோர்) என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டுமே கார்ட்டெக்ஸ்-ஏ55 போன்ற சிக்கன வகைக் கருக்களாக இருக்கலாம். இரண்டோ நான்கோ ஏ76, ஏ78 போன்ற வலிய கருக்களாகவும் இருக்கலாம். இரண்டும் எட்டுதான், உழைப்பு ஒன்றன்று. குறைந்தது இரண்டு வலிய கருக்களாவது இருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்படியானால் கைபேசிக்கும் நெட் வேகத்துக்கும் தொடர்பே இல்லையா என்றால், உண்டு. ஆனால் அது 5ஜி என்ற எழுத்தில் இல்லை, அதற்குள் அடங்கிய விவரங்களில் இருக்கிறது. அவற்றில் முதன்மையானவை கைபேசி ஏற்கும் அலைவரிசைகள். 700 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் என்28 என்ற அலைவரிசை நெடுந்தொலைவு செல்லும், சுவரையும் ஊடுருவும், ஆனால் வேகம் குறைவு. 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள என்78 நல்ல வேகம் தரும், வீட்டின் உள்ளறைக்கு வருவதற்குள் தளர்ந்துவிடும். 24 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மில்லிமீட்டர் அலையை உங்கள் உள்ளங்கையே மறித்துவிடும். உங்கள் சேவை நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசை கைபேசியில் இல்லையென்றால் எந்த உயர்விலைச் சிப்செட்டும் உதவாது. வெளிநாட்டிலிருந்து உறவினர் வாங்கிவந்த கைபேசிகளில் இந்தக் கோளாறு அடிக்கடி தென்படுகிறது. அதற்கு என்னிடம் பழுதுநீக்கம் ஏதும் இல்லை என்று சொல்லும்போது அவர்கள் முகம் வாடுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. குறிப்பிட்ட எண்ணைக் கொண்ட அந்த மாதிரியின் விவரப் பட்டியலைப் பாருங்கள். ஒரே பெயரில் வெவ்வேறு நாடுகளுக்கு வெவ்வேறு அலைவரிசைகளோடு விற்பது வழக்கம்.

வோல்ட்டி எனப்படும் 4ஜி வழி அழைப்பு உங்கள் நிறுவனத்தின் சிம்மில் வேலை செய்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2024 அக்டோபரில் ஆஸ்திரேலியாவில் 3ஜி சேவை நிறுத்தப்பட்டபோது, 4ஜி இணையம் நன்றாகக் கிடைத்தும் அவசர அழைப்பை வோல்ட்டி வழியாகச் செய்ய இயலாத கைபேசிகள் வலையமைப்பிலிருந்தே விலக்கப்பட்டன. வேகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே அழைக்க முடியாத கருவியை வாங்கிவிடக் கூடாது.

5ஜி சிக்னல் நலிந்த இடத்தில் இருப்பவர்களுக்குத் தொழில்முறையில் ஒன்று சொல்கிறேன். டவர் தொலைவில் இருக்கும்போது கைபேசி தான் சிக்னல் அனுப்பும் திறனை உயர்த்தும், 4ஜிக்கும் 5ஜிக்கும் மாறி மாறித் தாவும், சூடாகும், பேட்டரி கரையும். சூடு மிகுந்தால் பல கைபேசிகள் தாமாகவே 5ஜியைக் கைவிட்டு ப்ராசஸரின் வேகத்தையும் குறைத்துக்கொள்ளும். அமைப்புகளில் 'கைபேசி பற்றி' என்ற பகுதியில் சிம்மின் நிலையைத் திறந்தால் சிக்னல் வலிமை டிபிஎம் என்ற அலகில் தெரியும். அது மைனஸ் 80, 90 என்றிருந்தால் நன்று. மைனஸ் 110-க்கும் கீழே போனால் நலிவு. அப்படிப்பட்ட வீட்டில் 4ஜி மட்டும் என்று மாற்றிவைத்துக்கொள்வதில் எந்த இழிவும் இல்லை.

வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் பகுதியில் 5ஜி வந்துவிட்டதா என்பதை, ஏற்கெனவே வைத்திருக்கும் ஒருவரின் கைபேசியில் உங்கள் வீட்டு அறைக்குள் வைத்தே பாருங்கள். ஒரே விலையில் இரண்டு கைபேசிகள் இருந்து, ஒன்று 5ஜியோடு 4 ஜிபி ரேமும் இஎம்எம்சியும், மற்றது 4ஜியோடு 8 ஜிபி ரேமும் யுஎஃப்எஸ்ஸும் தருகிறது என்றால், 5ஜி வராத அல்லது நலிந்த பகுதியில் இருப்பவர் தயங்காமல் இரண்டாவதை எடுங்கள். நல்ல 5ஜி உள்ள பகுதியில் நான்கைந்து ஆண்டு வைத்திருக்கப் போகிறவர் 5ஜி வாங்குவதே சரி. ஆனால் ரேமையும் சேமிப்பகத்தையும் பலிகொடுத்து வாங்காதீர்கள், கூடுதலாகச் செலவிட முடியாவிட்டால் சில மாதம் பொறுத்திருங்கள். மெகாபிக்சலை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். வைஃபையிலேயே பெரும்பொழுது இருப்பவர் அந்தக் கைபேசி 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை ஏற்கிறதா என்று பாருங்கள்; மலிவான பலவற்றில் 2.4 மட்டும்தான் இருக்கும்.

பாதுகாப்பு மேம்படுத்தல்கள் எத்தனை ஆண்டுக்கு என்பதையும் கேளுங்கள். 2023-இல் வெளியான பிக்சல் 8-க்கு ஏழு ஆண்டுகள் என்று கூகுள் அறிவித்தது. அந்தக் கணக்கு மாதிரி வெளியான காலத்திலிருந்து ஓடுகிறது, நீங்கள் வாங்கிய நாளிலிருந்து அன்று. சலுகையில் கிடைக்கும் இரண்டாண்டுப் பழைய மாதிரிக்கு இரண்டாண்டுகள் ஏற்கெனவே கழிந்துவிட்டன. வங்கிச் செயலி வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைப் பார்த்தே ஆக வேண்டும்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சேமிப்பகத்தில் ஐந்தில் ஒரு பங்கையாவது காலியாக வையுங்கள், குழுக்களில் வந்து குவியும் காணொளிகள் தானாக இறங்குவதை நிறுத்துங்கள், பயன்படுத்தாத செயலிகளை நீக்குங்கள். அதன் பிறகும் தடுமாறினால் மட்டுமே ரீசெட்டைப் பற்றி யோசியுங்கள். அதற்கு முன் படங்களையும் தொடர்புகளையும் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, அவை உண்மையிலேயே அங்கே இருக்கின்றனவா என்று திறந்து பாருங்கள். இப்போதைய கைபேசிகளில் சேமிப்பகம், சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். ரீசெட் செய்தால் அதன் சாவியும் சேர்ந்து அழிந்துவிடும். அழிந்த பிறகு குழந்தையின் படங்களைக் கேட்டு எங்களிடம் வந்தால் எங்களால் மீட்டுத் தர முடியாது.