பெயர் கியூஎமு, எண் 107: மெய்நிகர் கணினியின் வட்டு ஏன் திறக்க மறுக்கிறது?

மெய்நிகர் கணினியின் வட்டுக் கோப்பை என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியே கோப்புகளைப் பகிரும் முறை) சேமிப்பகத்துக்கு மாற்றிவிட்டு ஸ்டார்ட் கொடுத்தால், ‘பெர்மிஷன் டினைட்’ என்று வந்து நிற்கும். கோப்பு கண்ணெதிரே இருக்கிறது. லினக்ஸின் தலைமைப் பயனரான ரூட்டாக நுழைந்து பார்த்தாலும் அதே பதில். ரூட்டுக்கே அனுமதி இல்லையா?

இல்லைதான். என்எஃப்எஸ் சர்வர் வழக்கமான அமைப்பில் பயனரின் பெயரைக் கேட்பதில்லை, லினக்ஸில் அவருக்கு உள்ள எண்ணை மட்டுமே பார்க்கும். ரூட்டின் எண் 0. எந்தக் கணினியிலிருந்தும் ‘நான் 0’ என்று சொல்லிக்கொண்டு வருகிறவருக்கு எல்லாவற்றையும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? அதனால்தான் ‘ரூட் ஸ்குவாஷ்’ என்ற விதி. வருகிற 0-வை அது 65534 ஆக்கிவிடுகிறது. அந்த எண்ணுக்குரிய பயனர் ‘நோபடி’.

சரி, வட்டை உண்மையில் திறப்பது யார்? பெரும்பாலும் மெய்நிகர் கணினியை ஓட்டும் கியூஎமு என்ற நிரல், தனக்கென உள்ள பயனர் கணக்கில். அந்தக் கணக்கின் எண் ரெட் ஹாட் வகை லினக்ஸில் 107, டெபியன், உபுண்டுவில் 64055. ஒரு ஹோஸ்டில் (மெய்நிகர் கணினியைத் தாங்கும் நிஜக் கணினி) நன்றாக ஓடிய மெய்நிகர் கணினி இன்னொன்றில் அடம்பிடிப்பதற்கு இந்த வித்தியாசமே போதும். மெய்நிகர் கணினி கிளம்பும்போது, அதை நிர்வகிக்கும் லிப்வர்ட் என்ற மென்பொருள் கோப்பின் உரிமையாளரை மாற்றப் பார்க்கும். அதைச் செய்வது ரூட் என்பதால் ஸ்குவாஷ் அங்கேயும் தடுக்கும். சர்வரிலேயே உரிமையாளரைச் சரியான எண்ணுக்கு மாற்றிவைப்பதுதான் நேர்வழி.

எண்ணைப் பார்க்க சர்வரில் ‘எல்எஸ் -எல்என்’ கட்டளை போதும். ‘-எல்’ மட்டும் கொடுத்தால் பெயர்தான் தெரியும், அது ஏமாற்றக்கூடும். என்எஃப்எஸ் 4-இல் இரு பக்கமும் டொமைன் பெயர் பொருந்தாவிட்டால், நல்ல உரிமையாளர்கூட ‘நோபடி’ என்றே தெரிவார். அப்புறம், கோப்புக்கு மேலே உள்ள ஒவ்வொரு அடைவிலும் ‘எக்ஸ்’ அனுமதி, அதாவது உள்ளே நுழையும் அனுமதி, வேண்டும். ‘நேம்ஐ -எல்’ கட்டளை அத்தனையையும் வரிசையாகக் காட்டிவிடும்.

அவசரத்தில் பலரும், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் தரும் ‘சிமாட் 777’ போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கோப்பு ஒரு முழுக் கணினியின் வட்டு. கடவுச்சொற்கள், தரவுத்தளம் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. அதோடு, உரிமையாளரை மாற்றும் வேலை 777 போட்டாலும் நடக்காது.

‘சூடோ -யூ’ மூலம் கியூஎமு பயனராகவே மாறி, படிக்கவும் எழுதவும் முடிகிறதா என்று ‘டெஸ்ட்’ கட்டளையால் சோதியுங்கள். இரண்டும் முடிந்தும் கணினி கிளம்பவில்லையா? இனி எஸ்இலினக்ஸ் (லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கு) பக்கம் திரும்பலாம். அங்கே ‘வர்ட்_யூஸ்_என்எஃப்எஸ்’ என்ற சுவிட்ச் ஆஃபில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.